ஆடியில் வயல் எப்படி இருக்கு? கன்னிப்பூ பற்றி வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஆனி கடைசியில் தொடங்கி ஆவணி பிறக்கும்வரை எனக்கு வரும் போனில் பாதிக்கு ஒரே கேள்விதான்: 'வயல் எப்படி இருக்கு?' கேட்பது கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லைப் பற்றி. கேட்பவர்கள் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் ஆளுக்கு ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என்று நிலம் கிடக்கிறது. சிலர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டிருக்கிறார்கள், சிலர் ஆள் வைத்துச் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேள்வியையும் பதிலையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் வேளாண்மை படித்தவன் இல்லை. சுசீந்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் நெல், தோவாளைப் பக்கம் கொஞ்சம் வாழை, அவ்வளவுதான் நம்ம அனுபவம்.

நல்லா இருக்கா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடாதா?

சொல்லலாம். ஆனால் அந்த வார்த்தை உங்கள் வயலுக்குப் பொருந்தாது. ஆடி பத்தாம் தேதி நாகர்கோவிலிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வாருங்கள். தேரூர், சுசீந்திரம் பக்கம் சில வயல்களில் கதிர் தலை சாய்ந்திருக்கும். பூதப்பாண்டிப் பக்கம் பயிர் இப்போதுதான் தூர் கட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கிழக்கே கடைமடைக்குப் போனால், நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கும். மேற்கே விளவங்கோட்டில் மிச்சமிருக்கும் ஏலாக்களின் (வயல்வெளிகளின்) கதை வேறு. ஒரே மாவட்டம், ஒரே வாரம், நாலு பருவம். மாவட்டத்துக்கே சேர்த்து 'பயிர் திருப்தி' என்று யாராவது சொன்னால், அவர் எந்தச் சாலை வழியாக வந்தார் என்று கேளுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வார்கள். இங்கே ஆடியில் நெல் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறதே?

அந்தப் பழமொழி வடகிழக்கு மழையை நம்பி மானாவாரி செய்யும் சீமைக்காரர்களுடையது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால்தான் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். மலையாளக் கணக்கில் கன்னி மாதம், அதாவது நம்ம புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதம், அதாவது மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், ஆனாலும் போகத்தின் பெயர் திருவிதாங்கூர்ப் பெயராகவே நிற்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் ஏறக்குறைய இதே பருவத்துப் பயிரைக் கார் என்பார்கள்.

ஆனாலும் எல்லோரும் கன்னி மாதம்வரை காத்திருப்பதில்லை. குளத்துப் பாசனக்காரர்கள் சித்திரை, வைகாசிக் கோடைமழை கிடைத்ததும் விதைத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ அறுப்பு. அணைத் தண்ணீரை எதிர்பார்ப்பவர்கள் ஜூனில் சானல் (பாசனக் கால்வாய்) திறந்த பிறகுதான் ஏர் பூட்டுவார்கள். நம்ம கோயில்களில் ஆடியில் நிறைபுத்தரிசி பூஜை நடக்கிறதே, அதற்கு விளைந்த கதிர் வேண்டும். முந்தி விதைத்த வயல் கைகொடுக்கும். எங்கள் பாட்டா அந்தக் கதிரை வாங்கி வந்து நிலைப்படிக்கு மேல் கட்டும்போது ஒரு மணியைப் பிதுக்கிப் பார்ப்பார். பால் வந்தால் 'மழை பிந்திட்டு' என்பார், அரிசி வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த வருஷத்துப் பயிர் நிலவரம் எங்கள் வீட்டில் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது.

பேச்சிப்பாறை நிறைந்து நிற்கிறது என்று செய்தியில் பார்த்தேன். அப்போ தண்ணீருக்குக் கவலை இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வரும். அணை மட்டத்தைப் பார்த்து வயலை எடை போடாதீர்கள்.

பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இவற்றோடு சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு என்ற சிறு அணைகளும் சேர்ந்ததுதான் கோதையாறு பாசனம். பேச்சிப்பாறை மூலம் திருநாள் காலத்தில் மின்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் கட்டி 1906இல் முடித்தது. பெருஞ்சாணி ஐம்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. வழக்கமாக ஜூன் 1இல் திறந்து பிப்ரவரி கடைசிவரை விடுவார்கள், இரண்டு பூவுக்கும் சேர்த்து. கணக்கில் 79,000 ஏக்கர். இது போதாதென்று திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் கால்வாய்க்கும் இங்கிருந்துதான் பங்கு போகிறது, அது ஒரு 17,000 ஏக்கர்.

சரி, அணையில் இருக்கிற தண்ணீர் உங்கள் வரப்புக்கு வந்தாக வேண்டுமே. புத்தன் அணையில் பிரிந்து, பத்மநாபபுரம் புத்தனாறு, தோவாளைச் சானல், அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு என்று கிளை கிளையாக ஓடி, ஒவ்வொரு மடையிலும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கடைமடைக்கு வரும்போது முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருக்கும். நடுவில் ஆகாயத்தாமரை அடைக்கும். தூர்வாராத இடத்தில் மண் மேடிட்டிருக்கும். எங்காவது கரை உடைந்தால் அடைத்து முடிக்கும்வரை ஷட்டரை இறக்கிவிடுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மலையில் மழை வலுத்து அணை மளமளவென்று நிறையும் நாளில்தான் கரை உடையும் பயத்தில் சானலில் தண்ணீரைக் குறைப்பார்கள். அணை நிறைந்த வாரத்திலேயே கடைமடை வயல் வெடித்துக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேற்கே பட்டணங்கால் சானல். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று செல்பி எடுப்பவர்களின் பக்கத்தில் தொட்டிக்குள் ஓடுவது அந்தத் தண்ணீர்தான். பறளியாற்றுக்கு மேலே நூறு அடிக்கும் அதிகமான உயரத்தில் 1960களில் கட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருந்த வயல்களில் பாதி இன்று ரப்பரும் வாழையும் வீட்டுமனையும்.

ஆகவே அணை மட்டத்தை விடுங்கள். உங்கள் வயல் தலைமடையா கடைமடையா, பக்கத்துக் குளத்தில் எத்தனை நாள் தண்ணீர் மிச்சம் என்று கேளுங்கள். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் குளங்கள் இருக்கின்றன. சானல் ஏமாற்றும் வருஷத்தில் பயிரைக் காப்பாற்றுவது அவைதான்.

தண்ணீர் குறைந்தால் பயிர் போய்விடுமா?

எப்போது குறைகிறது என்பதைப் பொறுத்தது. தூர் கட்டும் பருவத்தில் வயல் இரண்டு மூன்று நாள் காய்வது கெடுதல் இல்லை, வேர் ஆழம் போகும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும் என்பது ஆராய்ச்சியில் தேறிய முறை. எங்கள் பத்தில், அதாவது எங்கள் வயல்வெளியில், இரண்டு பேர் செய்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனால் கதிர் உருவாகும் நாளிலிருந்து பூத்து முடியும்வரை இந்த விளையாட்டு வேண்டாம். அந்த நேரம் தண்ணீர் நின்றால் மணி பிடிக்காமல் கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும். அதுதான் சாவி, மணியில்லாத பதர். அதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

போட்டோ அனுப்பியிருந்தார்கள். பயிர் மஞ்சளாக இருக்கிறதே, என்ன குறை?

போட்டோவில் எல்லாப் பயிரும் மஞ்சள்தான், மாலை வெயிலில் எடுத்தால். நேரில் போய்க் குனிந்து பாருங்கள் அல்லது பார்க்கச் சொல்லுங்கள். எங்கே மஞ்சள், எந்த இலையில் மஞ்சள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடி இலை முதலில் வெளுத்து, வயல் முழுக்க ஒரே சீராக இருந்தால் தழைச்சத்துக் குறை. நட்டு மூன்று வாரத்துக்குள், இலையில் துரு தெளித்தது போல் பழுப்புப் புள்ளி விழுந்து, பயிர் குட்டையாக அங்கங்கே திட்டாக நின்றால் துத்தநாகக் குறை என்று சந்தேகப்படலாம். தொடர்ந்து தண்ணீர் நிற்கும் பள்ள வயலில் இது அதிகம்.

மேற்குப் பக்கத்துச் செம்மண், சரல்மண் சரிவுக்குக் கீழே கிடக்கும் ஏலாக்களில் இன்னொன்று உண்டு. தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல் துருநிறப் படலம் படியும், அடி இலை நுனியிலிருந்து செம்பழுப்பாக மாறும், வேரைப் பிடுங்கினால் கருப்பாகவோ துருப்பிடித்தோ இருக்கும். மண்ணில் இரும்பு அதிகமாகிக் கரைந்து வருவதன் அடையாளம் அது. யூரியா போட்டால் தீராது. தண்ணீரை வடித்து, வயலை ஆறவிட்டு, மண்பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட வேண்டும்.

இலையின் ஓரம் மட்டும் நுனியிலிருந்து அலை அலையாகக் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். வயலின் நடுவே வட்டமாக ஒரு இடம் மட்டும் வெந்தது போலக் காய்ந்தால், அங்கே தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சி கூட்டமாக ஒட்டியிருந்தால் புகையான்.

வெளிநாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒருமுறை வீடியோ காலிலேயே இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பார்த்தான். பாட்டக்காரர் போனை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதில் போன் சேற்றில் விழுந்ததுதான் மிச்சம்.

ஒரு மூட்டை யூரியா கூடப் போட்டால் கருகருவென்று வந்துவிடாதா?

வரும். அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் இலைச்சுருட்டுப்புழுவும் வரும், குலைநோயும் வரும், காற்றுக்குப் பயிரும் சாயும். ஆடியில் நமக்கு மேகமூட்டமும் சாரலும். வெயில் குறைந்த நாளில் பயிர் தின்ற தழைச்சத்து முழுவதும் கதிராக மாறாது, இளசான இலையாக நிற்கும். கும்பப்பூவைவிடக் கன்னிப்பூ யூரியாவுக்கு இணங்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, பச்சையின் பல சாயல்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டை. நட்ட பயிருக்கு இரண்டு வாரத்திலிருந்தும், நேரடியாக விதைத்ததற்கு மூன்று வாரத்திலிருந்தும் வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பச்சை குறைந்தால் மட்டும் யூரியா. விலையோ அற்பம்.

ஆனால் உரக்கடையில் கதை வேறு. போன வருஷம் யூரியா தட்டுப்பாடு வந்தபோது ஒரு கடையில் இரண்டு மூட்டை கேட்டேன். கூடவே ஒரு பாட்டில் வளர்ச்சி ஊக்கி வாங்கினால்தான் தருவேன் என்று கடைக்காரர் நின்றுவிட்டார். வாங்கித் தொலைத்தேன். அந்தப் பாட்டில் இன்னும் தொழுவத்து உத்திரத்தில் இருக்கிறது. இப்படிக் கட்டாயப்படுத்துவது முறையல்ல, பில் கேட்டு வாங்கி வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நடவு நேரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியும்.

இந்தப் பருவத்தில் எந்தப் பூச்சிக்குப் பயப்பட வேண்டும்? மாதம் ஒரு மருந்து அடித்துவிட்டால் நிம்மதிதானே?

காலண்டரைப் பார்த்து அடிப்பது காசைக் கொண்டுபோய்ச் சானலில் கொட்டுவது. நம்ம மேகமூட்டத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஆனைக்கொம்பன். நடுக்குருத்து இலையாக விரியாமல் வெங்காயத்தாள் போல் வெள்ளிநிறக் குழலாக நீளும். அந்தத் தூரில் கதிர் வராது. நூறு தூரில் பத்துக்கு மேல் இப்படி இருந்தால்தான் மருந்து பற்றிப் பேச வேண்டும். அதற்குக் கீழே என்றால் அதன் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அவசரப்பட்டு அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

குருத்துப்பூச்சிக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. இளம்பயிரில் பத்து சதவீதம் குருத்துக் காய்ந்திருந்தால் எச்சரிக்கை. பூக்கும் பருவத்தில் இரண்டு சதவீதம் வெண்கதிரே அதிகம். இலைச்சுருட்டுப்புழு இளம்பயிரில் வந்தால் பார்க்கப் பயமாக இருக்கும், பயிர் தாங்கிக்கொள்ளும். கதிரை ஒட்டி வரும் கடைசி இலையான கண்ணாடி இலையில் வந்தால் மட்டும் விடாதீர்கள். மணிக்குச் சோறு போடுவது அந்த ஒரு இலை. புகையான் தூருக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், சிலந்தி நிறைய இருந்தால் இரண்டுவரை பொறுக்கலாம்.

பால் பிடிக்கும் நேரம் கதிர்நாவாய்ப்பூச்சி. வயலுக்குள் நுழையும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். முந்தி பூத்த வயலிலும் பிந்தி பூத்த வயலிலும்தான் அதன் ஆட்டம் அதிகம். பத்து முழுவதும் ஒரே வாரத்தில் நட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆளுக்கொரு நாள் தண்ணீர் கிடைக்கும் ஊரில் அது எங்கே நடக்கிறது!

பூச்சியைத் தவிர மயில் இருக்கிறது. மலையோரத்தில் பன்றி இருக்கிறது. இவற்றுக்கு சதவீதக் கணக்கு எதுவும் இல்லை.

இந்தத் தடவை எத்தனை கோட்டை (நம்ம ஊர் நெல் அளவு) வரும் என்று இப்போதே சொல்ல முடியுமா?

தூர் கட்டும்போது சொல்கிறவர் ஜோசியர். கதிர் வெளிவந்து பத்து நாள் ஆனபின் கணக்குப் போடலாம், நீங்களே போடலாம்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கம்பு வைத்து, வரப்போரம் இல்லாமல் வயலுக்குள் நாலைந்து இடத்தில் கதிர்களை எண்ணுங்கள். சராசரி 300 கதிர் என்று வைப்போம். பத்து கதிரை உருவி, முற்றிய மணிகளை மட்டும் எண்ணுங்கள், பதர் சேர்க்காமல். கதிருக்கு 80 என்று வந்தால், சதுர மீட்டருக்கு 24,000 மணி. அம்பை 16 போன்ற குண்டு நெல் ஆயிரம் மணி சுமார் 24 கிராம் நிற்கும். ஆக 576 கிராம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர், அதாவது 2,300 கிலோவுக்குச் சற்று மேல். நம்ம கோட்டை 87 கிலோ கணக்கில் இருபத்தாறு, இருபத்தேழு கோட்டை.

இதிலிருந்து சாய்ந்தது, உதிர்ந்தது, இயந்திரம் சிந்தியது, மயில் தின்றது எல்லாம் கழியுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பத்தில் ஒன்றரைப் பங்கு கழித்துவிடுவேன். பாட்டக்காரர் சொல்லும் கணக்கும் இதுவும் ஐந்து கோட்டைக்கு மேல் வித்தியாசப்பட்டால் சண்டைக்குப் போகாதீர்கள், அடுத்த தடவை நீங்களும் கூட நின்று எண்ணுங்கள்.

எந்த ரகம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம். நாள் கணக்கு அதை வைத்துத்தான். அம்பை 16 என்றால் 110 முதல் 115 நாள். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.பி.எஸ். 5 ஏறக்குறைய 118 நாள், அம்பை 16ஐயும் ஆடுதுறை 37ஐயும் கலந்தது. டி.பி.எஸ். 3 போட்டால் 135 நாள் ஆகும். ஜூன் கடைசியில் விதைத்துவிட்டு டி.பி.எஸ். 3 போட்டிருந்தால், அறுப்பு ஐப்பசிக்குத் தள்ளிப்போய் மழையில் நனையும், கும்பப்பூவும் பிந்தும். நம்ம ஆட்களுக்குக் குண்டரிசிச் சோறு இல்லாமல் இறங்காது, அதனால் மூன்றுமே குண்டு ரகம்தான். அந்தக் காலத்துக் கட்டிச்சம்பாவின் ரத்தம் டி.பி.எஸ். 1இல் ஓடுகிறது. ஐ.ஆர். 8ஓடு அதைக் கலந்துதான் அந்த ரகத்தை எடுத்தார்கள்.

ஆடிக்காற்றில் வாழை என்ன ஆகும்?

விழும். அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முப்பந்தலில் நூற்றுக்கணக்கில் காற்றாலை நிற்கிறது. அதே காற்றுதான் என் ஏத்தன் தோட்டத்துக்கும் வருகிறது. குலை தள்ளிய ஏத்தனுக்குக் கம்பு முட்டுக் கொடுக்காமல் ஆடிக்குள் நுழையக்கூடாது. ஓணச் சந்தையை எண்ணி வைத்த குலைகள் அந்த நேரம் பாதி முற்றி நிற்கும். விழுந்தால் சிப்ஸ் கடைக்காரர் சொல்வதுதான் விலை. செவ்வாழை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம், காற்றுக்கு அது தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது எங்கள் பக்கம் ஒரு வாழைகூட நிற்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஆடிக்காற்று ஒன்றுமே இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

மரச்சீனி (மரவள்ளி), ரப்பர், தென்னை?

மரச்சீனி நிற்கும், தண்ணீர் தேங்காமல் இருந்தால். ரப்பருக்கு மழை நாளெல்லாம் பால் நஷ்டம், மரத்துக்கு மழைக்காப்பு கட்டியவர்கள் மட்டும் வெட்டுகிறார்கள். தென்னை ஆடி மழையை வாங்கி அடுத்த வருஷம் பதில் சொல்லும், இப்போது கேட்டுப் பயனில்லை.

நெல்லில்தான் இத்தனை பாடு. மக்காச்சோளமும் சோயாவும் போட்டால் என்ன?

சென்னையில் இருக்கும் மதினி வருஷா வருஷம் கேட்பார். யூடியூப் செய்கிற வேலை. மக்காச்சோளம் தமிழ்நாட்டில் நன்றாக வருவது பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், தூத்துக்குடி போன்ற மானாவாரிப் பக்கங்களில். அதன் வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகவே ஆகாது. நம்ம வயலோ, பக்கத்துக்காரர் மடையைத் திறந்தால் நமக்கும் நனையும் வயல். தனியாக ஒரு துண்டு மட்டும் காய வைக்க முடியாது. போதாததற்கு 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு. சோயாவுக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்துக் கரிசல்தான் வீடு. இங்கே விளைந்தாலும் வாங்க ஆலையும் வியாபாரியும் பக்கத்தில் இல்லை. மேட்டு நிலத்தில், வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்குத் தீவனமாக நாலு வரிசை மக்காச்சோளம் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம் மதினி.

அமெரிக்காவில் வாரம்தோறும் சோளம், சோயா நிலவரத்தைச் சதவீதமாகச் சொல்கிறார்களாமே, அது மாதிரி நமக்கும் சொல்லலாமே?

அங்கே ஏப்ரல் முதல் நவம்பர்வரை, வாரத்தின் முதல் வேலைநாளில் அவர்களுடைய வேளாண்மைத் துறை பயிர் நிலவர அறிக்கை வெளியிடுகிறது. மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று என்று ஐந்து தட்டு. அயோவா, இலினாய் போன்ற மாநிலங்களில் ஜூலையில் மக்காச்சோளக் கதிர் பட்டுநூல் போன்ற இழை விட்டு மகரந்தம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று வாரம் மழை பொய்த்தால் கதிரில் மணி குறைந்துவிடும். சோயாவுக்கு அதே சோதனை ஆகஸ்டில், காய் கட்டும்போது. அதனால் அந்த வாரங்களில் உலகச் சந்தையே அந்த அறிக்கைக்குக் காத்திருக்கும். 2012 கோடையில் வறட்சி வந்து மதிப்பீடு வாரத்துக்கு வாரம் சரிய, மக்காச்சோள விலை உச்சத்துக்குப் போனது. அந்த விலை சுற்றிச்சுற்றி நம்ம கோழித்தீவனத்தையும் சமையல் எண்ணெயையும் எட்டும், நேராக இல்லாவிட்டாலும்.

யோசித்துப் பாருங்கள், அந்த மதிப்பீடும் ஒவ்வொரு பகுதியிலும் வயலைப் பார்க்கிறவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். அங்கே ஒரே பயிர், ஒரே பருவம், அடிவானம்வரை. அதனால் சராசரிக்கு அர்த்தம் இருக்கிறது. நம்ம பத்தில் முப்பது சென்ட்டுக்கு ஒரு முதலாளி, ஆளுக்கொரு நடவுத் தேதி. சராசரி எடுத்தால் அது யாருடைய வயலும் இல்லை. ஆனால் ஐந்து தட்டு வைத்துச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இனிமேல் நீங்கள் போனில் கேட்டால் 'சுமார்' என்றோ 'நன்று' என்றோ சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

பயிர்க் காப்பீடு செய்திருக்கிறோம். அதனால் நஷ்டம் வந்தாலும் பயமில்லையே?

காப்பீடு செய்தது நல்லது. இந்தப் பருவத்து உணவு தானியத்துக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம்தான். ஆனால் விளைச்சல் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலை வைத்து அல்ல. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுத்து எடை போட்டுப் பார்ப்பார்கள். ஊர் சராசரி குறைந்தால்தான் ஊருக்குப் பணம். கடைமடையில் உங்கள் வயல் மட்டும் காய்ந்து தலைமடை செழித்தால் கையில் ஒன்றும் வராது. அப்புறம், அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) இருக்கும் பயிரும் பரப்பும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாட்டத்துக்கு விட்டவர்கள் இதைப் பாட்டக்காரரோடு முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

அறுப்பு நேரம் மழை பிடித்தால்?

கன்னிப்பூவின் தலைவிதியே அதுதான். விதைப்பு நேரத்திலும் மழை சும்மா விடுவதில்லை. 2021 மே கடைசியில் யாஸ் புயல் சமயத்தில் பெய்த பேய்மழை முளைவிட்ட வயல்களை முழுக்கியது. அறுப்பு நேரத்து மழை அதைவிடக் கொடுமை. சாய்ந்த கதிர் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். ஆகவே அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வயலை வடியுங்கள். டயர் வண்டி இறங்காத சேற்றில் பெல்ட் வண்டிதான் அறுக்கும், அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மழை அறிவிப்பு வந்த அன்று எல்லோரும் ஒரே வண்டிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர நாளில் அறுத்த நெல் இருபதைத் தாண்டித்தான் நிற்கும். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். களம் இல்லாமல் தார்ச்சாலையில் காயப்போட்டு, சாரல் வந்ததும் தார்ப்பாய் மூடி, மறுபடி பிரித்து, மூன்றாம் நாள் பொறுமை போய் வியாபாரிக்கே குறைத்துக் கொடுத்துவிடுவோம். வைக்கோல் நனைந்தால் அதுவும் போச்சு. கும்பப்பூவில் வைக்கோல் விற்றே அறுப்புக் கூலி தேறும், கன்னிப்பூவில் அதை நம்பாதீர்கள்.

ஊருக்கு வந்து வயலைப் பார்க்க நல்ல நாள் எது?

ஓண விடுமுறைக்கு வருகிறேன் என்பீர்கள். அப்போது குளத்துப் பாசன வயல் அறுத்து முடிந்திருக்கும், சானல் வயல் பூத்து முடிந்திருக்கும். பார்க்க அழகு, திருத்த ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக்கு எப்படியும் வருவீர்கள் அல்லவா? முக்கடலில் குளித்து, திதி கொடுத்துவிட்டு, நேராக வயலுக்கு வாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் காற்று ஏறியிருக்காது. செருப்பைச் சானல்கரையில் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடு வயலில் இறங்குங்கள். வரப்போரப் பயிர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.